மூர்கோவின் மணி

ஸ்டுட்கார்ட்
1989 மே 2

அன்புத் தம்பி லாம்ப்ரோஸுக்கு,

நானும் உன் அத்தான் தாகிஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ, உன் வீட்டுக்காரி தேஸ்போ, நாய்கள் இரண்டு, மந்தை எல்லாரும் எப்படி என்று ஒருவர் விடாமல் எழுது.

உடம்பைப் பற்றி எழுதிவிட்டேன். மனசைப் பற்றி எழுத இந்தத் தாளில் இடம் பத்தாது. உன் தந்தி எங்கள் பழைய வீட்டுக்குப் போய், அங்கே யாரோ வாங்கி வைத்து, என் கைக்கு வந்தபோது அப்பாவை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வீடு மாறி ஒரு வருஷம் ஆயிற்று, லாம்ப்ரோஸ். முகவரி எழுதி அனுப்பினேனே! சரி, திட்டி என்ன ஆகப்போகிறது. அப்பா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு.

ஒன்று கேட்கிறேன். மறுக்காதே. மந்தையின் மணிகளைக் கழற்றிவிடு. தாத்தா இறந்த வருஷம் கோடை மேய்ச்சலுக்கு மலை ஏறிய நாளிலிருந்து அக்டோபர் கடைசியில் தெமெத்ரியோஸ் திருநாளுக்கு இறங்கும் வரை அப்பா ஒரு ஆட்டுக்கும் மணி கட்டவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. சத்தமே இல்லாமல் மந்தை ஊருக்குள் வந்ததும் பெண்கள் கதவைத் திறந்தார்கள். யார் செத்தது என்று கூடக் கேட்கவில்லை, அப்படியே அழ ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கும் அப்படி ஒரு கோடை வேண்டும். நான் வந்து அழவில்லை. மந்தையாவது வாய் மூடி நடக்கட்டும்.

தேஸ்போவுக்கு என் முத்தம். நாய்களுக்கு வேண்டாம், அதுகளுக்கு ஏற்கெனவே செல்லம் அதிகம்.

உன் அக்கா
அக்லாயா

*

தெசலி, கீழ்க்கிடை
மே 13

அக்காவுக்கு லாம்ப்ரோஸ் எழுதுவது. நாங்கள் சுகம். அத்தானை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

தந்தி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். அஞ்சலகத்தில் அவசரமாக எழுதினேன். பழைய தெருப் பெயர்தான் வந்தது. மன்னித்துவிடு.

மணி விஷயம். நீ அங்கே நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம், அக்கா. தாத்தா காலத்து மந்தை இருநூறு. நான் ஓட்டுவது நானூற்றெண்பது. மலைக்கு ஒன்பது நாள் நடை. மூடுபனியில் ஆட்டுக்குக் கண் தெரியாது, மணிதான் வழி காட்டும். உனக்குத் தெரியாததா? இருந்தாலும் நீ சொல்லிவிட்டாய், அடக்கத்துக்கு வந்த பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். கழற்றிவிட்டேன். தேஸ்போ எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மூர்கோவின் கழுத்திலிருந்து பெரிய மணியை எடுத்தபோது அவன் தலையை நீட்டிக்கொண்டே நின்றான், வேறு ஏதோ மாட்டப்போகிறேன் என்று. அப்பா புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கிடா அல்லவா, மந்தைக்கு முன்னால் நடந்தே பழகியவன். மணி இல்லாமல் அவனுக்கு நடக்கவே வெட்கம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பாவின் மேய்ச்சல் உரிமை இனி நம் இருவர் பெயரில். அடுத்த கோடைக்கு எத்தனை தலை என்று ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்நூறு என்று போட்டிருக்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று அரசு உதவி தருகிற காலம், எல்லாரும் ஏற்றுகிறார்கள். உன் கையெழுத்து இல்லாமல் செல்லாது. போட்டு அனுப்பு.

வியாழக்கிழமை கிளம்புகிறோம்.

தம்பி
லாம்ப்ரோஸ்

*

ஸ்டுட்கார்ட்
ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நாள் முழுக்கக் கார் இருக்கைக்கு உறை தைத்துத் தைத்துத் தோள்பட்டைதான் என்னுடையது இல்லை என்கிறது.

மணியைக் கழற்றிய இடத்தைப் படித்துவிட்டு அழுதேன். தாகிஸ் பயந்துபோய், "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார். "ஒரு கிடாவுக்கு வெட்கமாம்"னு சொன்னேன். மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ என் பேச்சைக் கேட்டாயே, அது போதும் எனக்கு.

ஆனால் ஐந்நூறா? உனக்குப் புத்தி கெட்டுப்போயிற்றா? கிடைக்குப் பக்கத்து ஊற்றுத் தொட்டியை நினைத்துப் பார். மதியம் மந்தை வந்து வாய் வைத்தால், கடைசி ஆடு வரை ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடிக்க வேண்டும். அதுதான் அந்த மலை தாங்குகிற அளவு. முந்நூறைத் தாண்டினால் பின்னால் வருவது சேற்றைத்தான் நக்கும். அப்பா எத்தனை தடவை சொன்னார்? "என்னைக் கேக்காதடா, தொட்டியைக் கேளு." புல்லுக்குள் செருப்பை வைத்துப் பார்ப்பாரே, முனை தெரிந்தால் அன்றைக்கே இடம் மாற்றுவாரே! படுத்த படுக்கையாக அவர் இருந்த இரண்டு வருஷத்தில் நீ நானூற்றெண்பது ஆக்கியிருக்கிறாய். அதை அவரிடம் சொன்னாயா, மறைத்தாயா?

தாளைத் திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்து இல்லாமல். கோபித்துக்கொள். காய்ச்சலில் உன்னை முதுகில் சுமந்து ஒன்பது நாள் நடந்தவள் நான், உன் கோபத்தையும் சுமப்பேன்.

நடை எப்படி இருந்தது? எல்லாவற்றையும் எழுது.

அக்லாயா

*

மலைக்கிடை
ஜூன் 28

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மலைக்காற்றில் தேஸ்போவின் இருமல் நின்றுவிட்டது. உங்கள் இருவரின் சுகத்துக்கும் அப்பாவின் நாற்பதாம் நாள் பூசையில் மெழுகுவத்தி ஏற்றினோம். தேஸ்போ கோதுமை வேகவைத்து மாதுளை போட்டுக் கோயிலில் எல்லாருக்கும் கொடுத்தாள்.

நடையைக் கேட்டாய். முதல் நாள் வெறும் குளம்புச் சத்தம்தான். மழை வருகிற மாதிரி. இரண்டாம் நாள் பாலத்தடியில் கம்பளம் அலசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"யாருப்பா போனது?"

"எங்கப்பா நாஊம்."

"அடப்பாவமே. ஆட்டை நல்லா வச்சிருந்த மனுஷன்."

மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்து சேர்ந்தோம்.

இந்த வருஷம் மழை சரியில்லை, புல் குட்டை. செருப்பு விஷயம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது, நீ ஒன்றும் எழுத வேண்டாம். அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டிருந்தாய். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பாந்தெலிஸின் மந்தை மேல்புறம். என் ஆடு அவன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நேற்றுக் கத்தினான். அவனுக்கும் புல் இல்லை. யாருக்கும் இல்லை. கையெழுத்தை இன்னொரு முறை யோசித்துப் பார்.

லாம்ப்ரோஸ்

*

ஸ்டுட்கார்ட்
ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் உங்களை நல்லபடியாகக் காணட்டும். எங்களுக்கு வெயில், வேலை, வெயில், அவ்வளவுதான்.

அந்தத் தொப்பிக் கிழவரை என் கண்ணை விட்டு எடுக்க முடியவில்லை. தினமும் பேருந்தில் போகும்போது அவர் தொப்பியைக் கழற்றுகிறார். நான் இல்லாத இடத்தில் எனக்காக ஒரு காரியம் நடந்திருக்கிறது என்று மனசு கொஞ்சம் ஆறியது. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

இன்னொரு ஆசை. பெரிய மணியை எனக்கு அனுப்பு. இந்தக் கோடை முழுக்கப் பெட்டியில் சும்மாதானே கிடக்கப்போகிறது? ஸ்டுட்கார்ட் பேருந்து ஓட்டும் நம் ஊர் ஹ்ரிஸ்தோஸ் ஆகஸ்டு பத்தாம் தேதி திரும்புகிறார், அவர் கையில் கொடு. வசந்தத்தில் அப்பாவின் வருஷப் பூசைக்கு வரும்போது நானே கொண்டுவந்து மூர்கோவின் கழுத்தில் கட்டுகிறேன்.

கையெழுத்து கிடையாது. யோசித்தேன், கிடையாது. புல் குட்டை என்றால் ஆட்டைக் குறை, மலையைத் திட்டாதே. அப்புறம், புல் இல்லை என்று கழுகுத் திட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடாதே. இந்த இருபதாம் தேதி எலியா திருநாளுக்குப் பிறகு மதியத்தில் அங்கே மூடுபனி ஏறும், ஓரத்துப் பள்ளம் தெரியாது. ஆடு பசியில் கத்தினாலும் அப்பா அந்தப் பக்கம் திரும்பினதில்லை.

அக்லாயா

*

மலைக்கிடை
ஆகஸ்டு 24

அக்காவுக்கு,

நானும் தேஸ்போவும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 29, சனிக்கிழமை மதியம் மூடுபனி ஏறியது. மந்தை கழுகுத் திட்டில் இருந்தது. பள்ளத்தில் விழுந்துவிட்டன. நூற்று எழுபத்து மூன்று. மூர்கோவும் போய்விட்டான். மீதி முந்நூற்றேழு. நாய்களுக்கு ஒன்றுமில்லை.

கால்நடை மருத்துவர் ஒரு பெண், கீழிருந்து வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். இறந்தவற்றைச் சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

நீ மணி கேட்டிருந்தாய். மணியைப் பற்றி எழுத இப்போது என்னால் முடியாது, அக்கா. கேட்காதே.

லாம்ப்ரோஸ்

*

ஸ்டுட்கார்ட்
செப்டம்பர் 5

லாம்ப்ரோஸ், என் தம்பி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் ஏது?

நான்தான் கொன்றேன். நீ அதை எழுதவில்லை, எழுதவும் மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். "மூடுபனியில் மணிதான் வழி காட்டும்" என்று நீ மே மாதமே எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எடுத்து எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம் என்றாய். உட்கார்ந்துதான் சொன்னேன். என் துக்கத்துக்கு ஒரு ஊர்வலம் கேட்டேன். மணி கழுத்தில் இருந்திருந்தால் ஒன்றுக்கொன்று கேட்டிருக்கும், மூர்கோவும் நிதானமாகத் திருப்பிக் கூட்டி வந்திருப்பான்.

இங்கே தெருவில் டிராம் வண்டி மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போடுகிறேன். போன வாரம் ஊசி விரலுக்குள் போய்விட்டது. மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாகிஸ் உன்னிடம் பேசலாம் என்றார். காபிக்கடை தொலைபேசியில் கூப்பிட்டால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். நான் மாட்டேன் என்றேன்.

இனி எண்ணிக்கையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஜூனில் திருப்பி அனுப்பின தாளின் நகல் ஒன்றை நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்நூறு. நீ கேட்டபடியே. மந்தையை மறுபடி கட்டு. முந்நூறு என்ற வார்த்தை இனி என் வாயில் வராது.

அக்லாயா

*

மலைக்கிடை
செப்டம்பர் 30

அக்காவுக்கு,

சுகம். உன் விரல் ஆறிவிட்டதா?

தாள் வந்து சேர்ந்தது. நன்றி. மார்ச்சு மாதம் நூற்றுத் தொண்ணூறு பெண்குட்டிகள் தருவதாக லாரிஸாவில் ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறார்.

உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது. தெமெத்ரியோஸ் திருநாள் முடிந்ததும் இறங்குகிறோம்.

லாம்ப்ரோஸ்

*

ஸ்டுட்கார்ட்
அக்டோபர் 22

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாக இறங்குங்கள். விரல் ஆறிவிட்டது, நகம் மட்டும் கோணலாக முளைக்கிறது.

"நடந்தது நடந்துவிட்டது" என்று நீ எழுதியது பெருந்தன்மை. நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. இங்கே நம் பாதிரியாரிடம் போய்ச் சொன்னேன். "ஆடு விழுந்ததுக்குப் பாவமன்னிப்பா?"ன்னு சிரித்தார். எழுந்து வந்துவிட்டேன். அவருக்கு ஆடு என்றால் தட்டில் வருவது.

வருஷப் பூசைக்கு நான் வரவில்லை. அந்த மலையை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. எனக்காக நீயே கோதுமை வேகவை.

ஒன்றே ஒன்று மட்டும். நீ கேட்காதே என்றாய், தெரியும். ஆனாலும் அந்த மணியை அனுப்பு. ஆசைக்காக இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் பார்க்க வேண்டும். நான் கழற்றச் சொன்னது அது.

அக்லாயா

*

தெசலி
நவம்பர் 9

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி தேஸ்போ எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போன கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆட்டைக் கறக்க உட்கார்ந்தால் கை அது பாட்டுக்குக் கறக்கிறது, கவனம் எங்கேயோ நிற்கிறது. "என்னங்க, பால் தரையில போகுது"ன்னு சொன்னேன். "போகட்டும்"னாரு. கையெழுத்துத் தாளை இன்னும் ஊராட்சியில் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். "எழுதுங்க, அக்காகிட்ட எழுதுங்க"ன்னு நான் சொன்னால் வெளியே போய்விடுகிறார்.

அண்ணி, மணி பெட்டியில் இல்லை. எங்கே என்று அவரிடமே கேளுங்கள். இதற்கு மேல் நான் எழுதினால் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். எழுதாவிட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். பாதியோடு நிறுத்துகிறேன்.

தேஸ்போ

*

தந்தி
நவம்பர் 17

மணி எங்கே. அக்லாயா.

*

தெசலி
டிசம்பர் 4

அக்கா,

சுகம் விசாரித்துத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. உட்கார்ந்து படி. இத்துடன் வரும் பொட்டலத்தைப் படித்து முடித்த பிறகு பிரி.

மந்தையின் கழுத்தில் மணி இருந்தது. விழுந்த அன்று எல்லா ஆட்டுக்கும் இருந்தது.

நீ சொன்னபடி கழற்றியது உண்மை. பாலம், பெண்கள், தொப்பி எல்லாம் உண்மை. மூன்றாம் நாள் அதிகாலை மூடுபனியில் பதினோரு ஆடுகள் தொலைந்தன, பாதி நாள் தேடிப் பிடித்தேன். நானூற்றெண்பதைச் சத்தமில்லாமல் ஓட்ட என்னால் முடியவில்லை. அங்கேயே நின்று பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டினேன். தேஸ்போ, "அக்காகிட்ட சொல்லிடுங்க"ன்னா. "சொல்றேன்"னேன். தொப்பிக் கிழவரைப் பற்றி எழுதிவிட்டு அந்த இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டேன். அது சின்னப் பொய் என்று நினைத்தேன்.

ஜூலைக் கடைசியில் கிடையைச் சுற்றி எங்கே செருப்பை வைத்தாலும் முனை என்ன, குதிகால் வரை தெரிந்தது. தொட்டியில் பின்னால் வருகிற நூற்றைம்பது ஆடும் சேற்றை நக்கின. பால் வற்றிக்கொண்டு வந்தது. குளம்பு அழுகல் வேறு. கழுகுத் திட்டில் மட்டும் புல் முழங்கால் உயரம் நின்றது, யாரும் போகாத இடமாயிற்றே. உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. "போகாதே" என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன்.

அந்தத் திட்டு முந்நூறு நிற்கிற அளவுதான். முன்னால் போனவை புல்லைப் பார்த்து நின்றன. பசியோடு பின்னால் வந்தவை தள்ளின. பனி ஏறியதும் எனக்கு என் கையே தெரியவில்லை. மூர்கோவின் மணி மட்டும் கேட்டது. நான் திரும்பக் கூப்பிட்டேன், அவனும் திரும்பத்தான் பார்த்தான். திரும்ப இடம் இல்லை. தள்ளிவிட்டுவிட்டன. அவன் விழும்போதும் மணி அடித்தது. பின்னால் இருந்தவை அந்தச் சத்தத்தைக் கேட்டு, அவன் போகிற பக்கம்தான் வழி என்று வரிசையாகப் போயின. நீ சொன்னபடி மணி இல்லாமல் இருந்திருந்தால் சில ஆடுகளாவது நின்றிருக்குமோ என்னவோ. தெரியாது. நீ கொன்றதாக நினைத்துக்கொண்டிருந்தாய். உன் பேச்சைக் கேட்காமல் கொன்றவன் நான்.

இன்னும் இருக்கிறது.

அடிப்பள்ளத்தில் கிடந்தவற்றை மறுநாள் ஓடை வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தோம், நானும் பாந்தெலிஸும். இருபத்தாறு உயிரோடு இருந்தன. கத்தியை எடுத்து முடித்துவைத்தேன். அது என் வேலை, செய்தேன். ஆனால் மூர்கோ கீழே விழவில்லை. பாதி வழியில் ஒரு பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டான். முன்னங்கால் இரண்டும் போய்விட்டன. மேலிருந்தும் எட்டாது, கீழிருந்தும் எட்டாது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் தூக்குவான். மணி அடிக்கும். கூப்பிட்டால் அடிக்கும். அதனால் கூப்பிடுவதை நிறுத்தினேன். அப்போதும் அடித்தது.

பாந்தெலிஸ், "துப்பாக்கி கொண்டாரேன்டா, இங்கேருந்தே முடிச்சிடலாம். பாவம்டா அது"ன்னு சொன்னான். நான் வேண்டாம் என்றேன். இரக்கத்தால் சொல்லவில்லை, அக்கா. அப்பா வளர்த்த கிடாவைச் சுட்டேன் என்று ஊர் சொல்லும் என்று சொன்னேன். கயிறு கட்டி இறங்கு என்று அவன் சொன்னான், அதற்கும் பயம். இரண்டு நாள் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் நின்றது.

உன் செப்டம்பர்க் கடிதம் வந்தபோது உண்மையை எழுத உட்கார்ந்தேன். உறைக்குள் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. நீயே உன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டு, நான் கேட்டதைக் கையில் கொடுத்திருந்தாய். "நன்றி" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட இழிவான வார்த்தை நான் எழுதினதில்லை.

உன் தந்தி வந்த மறுநாள் மலைக்குப் போனேன். வெண்பனி விழ ஆரம்பித்திருந்தது. பாந்தெலிஸ் மேலே கயிற்றைப் பிடித்தான். இறங்கினேன். ஜூலையில் இறங்க முடியாத இடத்தில் நவம்பரில் இறங்க முடிந்தது. திரும்பும்போது முழங்கால் பாறையில் மோதிக் கிழிந்தது, பரவாயில்லை. மணியை வார்ப்பட்டையோடு எடுத்துவந்தேன். ஓரத்தில் ஒரு விரிசல் இருக்கிறது, சத்தம் மாறியிருக்கும்.

கையெழுத்துத் தாளும் பொட்டலத்தில் இருக்கிறது. வியாபாரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கிழிப்பதும் வைப்பதும் உன் இஷ்டம். மன்னிப்பு என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

லாம்ப்ரோஸ்

*

ஸ்டுட்கார்ட்
டிசம்பர் 21

லாம்ப்ரோஸ்,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை படித்தேன். ஆறு நாள் உன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்று தாகிஸுக்குத் தடை போட்டிருந்தேன். இன்றைக்குத்தான் எடுத்தேன்.

என்னை நாலு மாதம் கொலைகாரியாக நடமாட விட்டாய். விரலில் ஊசி ஏறினபோது கூட, இது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அடிக்கிற தூரத்தில் நீ இருந்திருந்தால் அடித்திருப்பேன். அதை மன்னித்துவிட்டேன். நீ என் தம்பி, எனக்குச் செய்ததை மன்னிக்க எனக்கு உரிமை உண்டு. மூர்கோ இரண்டு நாள் உன்னைக் கூப்பிட்டான். அதை மன்னிக்க நான் யார்? அதை நீதான் வைத்துக்கொண்டு வாழ வேண்டும். வைத்துக்கொள், மறந்துவிடாதே. பாந்தெலிஸோடு இனி எல்லைத் தகராறு பண்ணினால் எனக்குத் தெரியவரும். தேஸ்போவை ஒரு வார்த்தை சொன்னாலும் தெரியவரும்.

தாளைக் கிழித்துவிட்டேன். புதுத் தாள் இத்துடன் வருகிறது. முந்நூறு. என் கையெழுத்து மேலே இருக்கிறது, கீழே நீ போடு. முந்நூற்றேழு இருக்கிறதே, மிச்சம் ஏழு ஆட்டை என்ன செய்ய என்று எனக்கு எழுதாதே. அப்பா சொன்ன கணக்கோடு நீ செய்த பேரம் போதும். குட்டிகள் வேண்டாம் என்று லாரிஸா வியாபாரிக்கு நாளைக்கே சொல்லிவிடு.

ஏப்ரலில் வருகிறேன். கோதுமையை நானே வேகவைப்பேன். மே மாதம் உங்களோடு மலைக்கு நடந்தும் வருகிறேன், தொழிற்சாலையில் விடுப்புக் கேட்டாயிற்று. மற்ற ஆடுகளுக்கு மணி கட்டு, பனியில் அதுகளுக்கு வழி தெரிய வேண்டும். பெரிய மணியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். புதிதாக எந்தக் கிடாவை முன்னால் விடுகிறாயோ அதன் கழுத்தில் கட்டு.

ஆனால் அது அடிக்காது. அதன் நாக்கைக் கழற்றி எடுத்துவிட்டேன், இங்கே என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அப்பாவுக்கு நீ இரண்டு நாளோடு நிறுத்தின துக்கத்தை அந்த மணி மிச்ச நாளுக்கும் காக்கட்டும். மலை ஏறின முதல் மதியம் நான் தொட்டிப் பக்கத்தில் நிற்பேன். கடைசி ஆடு வரை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், அங்கேயே நாக்கை மாட்டிவிடுகிறேன். ஒரு ஆடு சேற்றை நக்கினாலும் அந்த நாக்கு என்னோடு ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பிவிடும்.

இங்கே நாங்கள் சுகம். முழங்கால் புண்ணைச் சீழ் பிடிக்க விடாதே. ஆறிவிட்டதா என்று எழுது.

அக்கா
அக்லாயா